வீதியில் இறங்குவோர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்

எமது நாட்டில் வீதிப் போராட்டங்கள் புதியவையல்ல. அரிசி விலையேற்றத்திற்கெதிரான 1953 ஓகஸ்ட் ஹர்த்தால், தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து 1956 ஜூன் 5ஆம் திகதி காலிமுகத்திடலில் நடைபெற்ற சத்தியாக்கிரகம், 1961இல் வடக்கு கிழக்கில் கச்சேரிகளின் முன்னால் மக்கள் அமர்ந்திருந்த அறப்போர் என அவற்றுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. 1956இல் காலிமுகத்திடலில் அமைதியாக அமர்ந்திருந்தோர் காடையர்களினால் தாக்கப்பட்டனர். அறுபத்தாறு வருடங்கள் கழித்து, 2022 மே 9ஆம் திகதி, அதே திடலில் அமைதியாகக் கூடாரமிட்டிருந்தோர் மீண்டும் தாக்கப்பட்டனர். ஆட்சிகளும் கோரிக்கைகளும் மாறின. ஆனால் வெறுங்கையுடன் வீதிக்கு வருபவனுக்குக் காத்திருக்கும் ஆபத்து மாறவில்லை.

2022இன் போராட்ட நாட்களில் எமது காரியாலயத்திற்கு வந்த தொலைபேசி அழைப்புகளுள் கணிசமானவை அரசியல் பற்றியவையல்ல. "மகன் காலையில் போனான், இன்னும் வரவில்லை, எந்தப் பொலிஸ் நிலையத்தில் விசாரிப்பது?" என்று கேட்ட தாய்மாரின் அழைப்புகளே அவை. அந்தக் கேள்விக்கு உரிய பதிலை வீட்டாரும் பிள்ளையும் முன்கூட்டியே அறிந்திருந்தால் எத்தனையோ குடும்பங்களின் அவஸ்தை குறைந்திருக்கும். ஆர்ப்பாட்டங்களுக்குச் செல்லுங்கள் என்றோ செல்லாதீர்கள் என்றோ கூறுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. அது அவரவர் மனச்சாட்சிக்குரிய விடயம். செல்வதென்று தீர்மானித்தவர்கள் எவற்றை அறிந்துகொண்டு செல்ல வேண்டும் என்பதையே இங்கு நாம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் சட்டத்தின் நிலைமையைப் பார்ப்போம். அமைதியாக ஒன்றுகூடும் உரிமையையும் கருத்து வெளியிடும் உரிமையையும் எமது அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை பிரசைகளுக்கு உறுதிப்படுத்துகின்றது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையிலும் இலங்கை 1980இல் இணைந்துகொண்டது. 1992இல் நடைபெற்ற 'ஜனகோஷ' எதிர்ப்பு இயக்கத்தின்போது மக்கள் மேளமடித்தும் மணியடித்தும் தமது எதிர்ப்பைக் காட்டினர். அவ்வாறு ஒலியெழுப்புவதும் அரசியலமைப்பினால் பாதுகாக்கப்படும் கருத்து வெளிப்பாடே என உயர் நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. ஆகவே, பதாகை ஏந்தி நிற்பவன் குற்றவாளியல்ல என்பதை அவன் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

எனினும் அந்த உரிமை எல்லையற்றதல்ல. ஊர்வலம் ஒன்றை ஒழுங்கு செய்வோர் குறைந்தது ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்திற்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டுமெனப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆவது பிரிவு கூறுகின்றது. அமைதிக்குப் பங்கம் ஏற்படும் எனக் கருதின் அதைத் தடை செய்யும் அதிகாரமும் உயர் பொலிஸ் அதிகாரிகளுக்கு உண்டு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ் நீதவான்களிடம் தடையுத்தரவு பெறுவதும் வழமையாகிவிட்டது. ஆகவே அன்றைய தினம் அப்பகுதியில் தடையுத்தரவோ ஊரடங்கோ நடைமுறையில் உள்ளதா, அது யாருடைய பெயரில், எந்த வீதிகளைக் குறிப்பிட்டுப் பிறப்பிக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்துகொள்ளாமல் வீட்டை விட்டுப் புறப்படுவது புத்திசாலித்தனமாகாது.

ஆபத்து எங்கிருந்து வருகின்றது? எமது அண்மைக்கால அனுபவம் இதற்கு விடை தருகின்றது. 2011இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர்களின் ஆர்ப்பாட்டம், 2012இல் சிலாபத்தில் மீனவர்களின் ஆர்ப்பாட்டம், 2013இல் சுத்தமான குடிநீர் கேட்ட வெலிவேரிய மக்களின் ஆர்ப்பாட்டம், 2022 ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருளுக்காக நடந்த ஆர்ப்பாட்டம் ஆகிய நான்கிலும் துப்பாக்கிச் சூட்டினால் உயிர்கள் பலியாகின. உயிரைப் பாதுகாப்பதற்கு வேறு வழியில்லாத கட்டத்தில் மாத்திரமே ஆயுதம் பிரயோகிக்கப்படலாம் என ஐக்கிய நாடுகள் சபையின் 1990ஆம் ஆண்டுக் கோட்பாடுகள் வலியுறுத்துகின்றன. இந்நான்கு ஊர்களிலும் மக்கள் கேட்டது அரியாசனத்தையல்ல. ஓய்வூதியத்தையும் எரிபொருளையும் குடிநீரையுமே. கோரிக்கை சாதாரணமானது, ஆகவே ஆபத்தில்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதே இதன் பாடமாகும்.

துப்பாக்கியைவிட அதிகமாக உயிர்களைப் பறிக்கக்கூடியது சன நெரிசல். இதனைப் பலர் உணர்வதில்லை. ஒரு சதுர மீற்றர் இடத்தில் நான்கு பேர் நிற்கும் வரை ஒருவர் தன் விருப்பப்படி அசைய முடியும். ஐவரைத் தாண்டும்போது ஆபத்து தொடங்குகின்றது. ஆறு, ஏழு பேராகும்போது கூட்டம் தண்ணீரைப் போல அலையடிக்கத் தொடங்கிவிடும். தனிமனிதனின் பலம் அங்கு பயன்படாது. அவ்வாறான நெரிசலில் இறப்பவர்களுட் பெரும்பாலானோர் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமின்றி, நின்ற நிலையிலேயே மூச்சடைத்து இறக்கின்றனர். 2022 ஒக்டோபர் 29ஆம் திகதி தென்கொரியத் தலைநகர் சியோலின் இதேவோன் பகுதியில், சுமார் மூன்று மீற்றர் அகலமேயுள்ள சரிவான ஒழுங்கையொன்றில் ஏற்பட்ட நெரிசல் 159 பேரைப் பலிகொண்டது. 2015இல் ஹஜ் கடமையின்போது மினாவில் நிகழ்ந்த அனர்த்தத்தில் 769 பேர் உயிரிழந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது; நாடுவாரியாகத் திரட்டப்பட்ட எண்ணிக்கையோ இரண்டாயிரத்தைத் தாண்டியது. எமது நாட்டிலும், 2020 மே மாதம் நோன்பு காலத்தில் மாளிகாவத்தையில் பண உதவி பெறக் கூடிய கூட்டத்தில் சிக்கி மூன்று பெண்கள் மரணமடைந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவற்றுள் எதிலும் குண்டு வெடிக்கவில்லை, துப்பாக்கி சுடவில்லை.

ஆகவே கூட்டத்தினுள் நுழையும்போதே வெளியேறும் வழிகள் இரண்டைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மதில், இரும்புத் தடுப்பு, ஒடுங்கிய ஒழுங்கை, பாலம், படிக்கட்டு ஆகியவற்றின் அருகில் நிற்பதைத் தவிர்க்க வேண்டும். உங்கள் உடலில் நாற்புறமும் மற்றவர் உடல் படுவதாக உணர்ந்தால் அதுவே வெளியேறுவதற்கான நேரம். இன்னும் சற்று நேரம் பார்ப்போம் என்று தாமதிக்கலாகாது. நெரிசல் ஏற்பட்டுவிட்டால் இரண்டு முழங்கைகளையும் மடித்து நெஞ்சின் முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் தேடிக்கொள்ளுங்கள். தள்ளுதலை எதிர்த்து நிற்காமல் அதனோடு நகர்ந்து, அலை தணியும் ஒவ்வொரு தடவையும் சாய்வாக ஓரத்தை நோக்கி நகருங்கள். செருப்பு விழுந்தாலும் தொலைபேசி விழுந்தாலும் குனியாதீர்கள். கீழே விழுந்துவிட்டால் மல்லாந்து கிடக்காமல் ஒருக்களித்துச் சுருண்டு தலையை இரு கைகளாலும் மூடிக்கொள்ளுங்கள். கூச்சலிட்டு மூச்சை வீணாக்காதீர்கள்.

கண்ணீர்ப்புகை பற்றிய தவறான எண்ணங்கள் பல எம்மிடையே நிலவுகின்றன. பெயர் புகையாயினும் அது உண்மையில் மிக நுண்ணிய இரசாயனத் துகள்களாலானது. அது கண்ணிலும் தோலிலும் உடையிலும் ஒட்டிக்கொள்கின்றது. தாழ்வான இடங்களில் அதிக நேரம் தங்கி நிற்கின்றது. எனவே காற்று வீசிவரும் திசையை நோக்கி, மேடான திறந்தவெளிக்கு நகர வேண்டும். கண்ணைக் கசக்குவது துகள்களை மேலும் உள்ளே செலுத்தும். சுத்தமான நீரினால் தாராளமாகக் கழுவுவதே உரிய பரிகாரம். பற்பசை, எண்ணெய், கிறீம் வகைகளைப் பூசுவது துகள்களைத் தோலோடு பிணைத்து வைக்குமேயன்றிப் பாதுகாப்பளிக்காது. திறந்தவெளிக்கு வந்தபின் பெரும்பாலானோருக்கு அரை மணி நேரத்தினுள் எரிச்சல் தணிந்துவிடும். வீடு திரும்பியதும் உடையைக் களைந்து தனியே வைத்து, குளிர்ந்த நீரிலும் சவர்க்காரத்திலும் குளிக்க வேண்டும். விழுந்த குண்டைக் கையால் எடுப்பது கடுமையான தீக்காயத்தை ஏற்படுத்தும்.

ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் கண்ணீர்ப்புகை வீசப்படக்கூடிய இடங்களுக்குச் செல்லாதிருப்பதே நல்லது. 2022 ஜூலை 13ஆம் திகதி கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன்னால் நடந்த ஆர்ப்பாட்டத்தில், கண்ணீர்ப்புகைப் பிரயோகத்தின் பின்னர் மூச்சுத்திணறலுக்குள்ளான இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். கண்ணீர்ப்புகையும் நெரிசலும் ஒன்றுசேரும்போது விளைவு இன்னும் கொடூரமானது. அதே வருடம் ஒக்டோபர் முதலாம் திகதி இந்தோனேசியாவின் மலாங் நகர உதைபந்தாட்ட மைதானத்தில் பொலிஸார் கண்ணீர்ப்புகை வீசியபோது மக்கள் ஒரே நேரத்தில் வாயில்களை நோக்கி முண்டியடித்ததனால் 135 பேர் உயிரிழந்தனர். புகையைக் கண்டு ஓடாமல், வாயை ஈரத்துணியால் மூடியபடி விரைந்து நடப்பது தன்னையும் அயலவரையும் காப்பாற்றும்.

யாழ்ப்பாண மக்களுக்கு இன்னுமொரு கசப்பான பாடம் உண்டு. 1974 ஜனவரி 10ஆம் திகதி நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாள் நிகழ்வில், வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் திரண்டிருந்த மக்கள் மீது பொலிஸார் நடவடிக்கை எடுத்தபோது, அறுந்து விழுந்த மின்கம்பியினால் உயிர்கள் பறிபோயின. மின்கம்பிகளின் கீழும் மின்மாற்றிகளின் அருகிலும் கூட்டம் கூடுவதையும், உலோகக் கம்புகளில் கொடி, பதாகை கட்டி உயர்த்துவதையும் ஏற்பாட்டாளர்கள் முற்றாகத் தவிர்க்க வேண்டும். நீர்த்தாரைப் பிரயோகத்தினால் தரை நனைந்திருக்கும்போது இந்த ஆபத்து பன்மடங்காகும்.

வீட்டிலிருந்து புறப்படும் முன் செய்ய வேண்டியவை சிலவே. தேசிய அடையாள அட்டையை மறவாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டார் ஒருவரினதும் சட்டத்தரணி ஒருவரினதும் தொலைபேசி இலக்கங்களை ஒரு கடதாசியில் எழுதி உடையினுள் வைத்திருக்க வேண்டும். கைத்தொலைபேசி பறிபோனால் அதிலுள்ள இலக்கங்களும் போய்விடும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் சமூக வலைத்தளங்களைப் பல மணித்தியாலங்கள் முடக்கியது. அவற்றை மாத்திரம் நம்பியிருந்தோர் அன்று ஒருவரையொருவர் தொடர்புகொள்ள முடியாது தவித்தனர். ஆகவே, பிரிய நேர்ந்தால் எங்கு, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பதை வாய்மொழியாகவே முடிவு செய்துகொள்ளுங்கள். தனியே செல்லாதீர்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். தினமும் உட்கொள்ளும் மருந்து, தண்ணீர்ப் போத்தல், ஒரு பொதி ஜீவனி ஆகியன பையிலிருக்கட்டும். கத்தி, கம்பு போன்ற எதுவும் இருக்கலாகாது. சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்வது எவ்விதத்திலும் நியாயமாகாது.

உடை விடயத்திலும் கவனம் தேவை. தடித்த பருத்தி உடையும் கால் முழுவதையும் மூடும் சப்பாத்தும் உகந்தவை. சேலை, அபாயா அணியும் சகோதரிகள் அவை காலில் தடக்காதவாறும் பிறர் மிதிக்காதவாறும் உயர்த்தி அணிந்துகொள்வது நல்லது. தலையை மூடும் துணியைக் கழுத்தில் இறுகச் சுற்றாமல், இழுபட்டால் கழன்றுவிடும் வகையில் அணிய வேண்டும். கூரிய குண்டூசிகளைத் தவிர்க்க வேண்டும். தாலிக்கொடி, சங்கிலி முதலான நகைகளை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வதே உசிதம். கண்வில்லை அணிபவர்கள் அதற்குப் பதிலாக மூக்குக்கண்ணாடியைப் பயன்படுத்தலாம். வில்லைக்கும் விழிக்குமிடையே கண்ணீர்ப்புகைத் துகள் சிக்கினால் அவதி பெரிது. 2022 ஏப்ரலில் போராட்டம் நோன்பு மாதத்திலேயே நடைபெற்றது. காலிமுகத்திடலில் பல மதத்தவரும் ஒன்றாக அமர்ந்து இப்தார் செய்த காட்சி நாடறிந்தது. எனினும், நோன்பு நோற்றிருப்போர் நண்பகல் வெயிலில் நெடுநேரம் நிற்பது உடலுக்குத் தீங்கானது. அவர்கள் நிழலுள்ள ஓரத்தில் நிற்பதும் மாலை வேளைகளில் பங்குபற்றுவதும் பொருத்தமானது.

நேரமும் முக்கியமானது. பகல் முழுவதும் அமைதியாக நடந்த ஆர்ப்பாட்டம் மாலையில் கலையும்போதோ, இரவில் சிலர் மாத்திரம் எஞ்சியிருக்கும்போதோதான் பெரும்பாலும் அசம்பாவிதம் நேர்கின்றது. 2022 ஜூலை 22ஆம் திகதி காலிமுகத்திடலில் எஞ்சியிருந்தோர் அன்று பிற்பகல் வெளியேறுவதாக அறிவித்திருந்தனர். அவ்வாறிருந்தும் அதிகாலை இருளிலேயே படையினரும் பொலிஸாரும் புகுந்து அவர்களைத் தாக்கி அகற்றினர். அந்நாட்களில் நடைமுறையிலிருந்த அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியதென உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. நீதி மூன்று வருடங்கள் கழித்து வந்தது. அடி அன்றிரவே விழுந்தது. ஆகவே கூட்டத்தோடு வந்தவர்கள் கூட்டத்தோடேயே திரும்பிவிடுவது நன்று.

கைது செய்யப்பட்டால் என்ன செய்வது? ஓடுவதோ கையை உதறுவதோ கூடாது. அதுவே இன்னொரு குற்றச்சாட்டுக்கு வழிவகுக்கும். கைதுக்கான காரணத்தைக் கேட்கும் உரிமையை அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை தருகின்றது. சாதாரண சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன்னிலையில் ஆஜர்படுத்த வேண்டும். பெண்ணொருவரைச் சோதனையிடுவது பெண்ணாலேயே செய்யப்பட வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால விதிகளின் கீழோ கைது நிகழ்ந்தால் அதனை 48 மணித்தியாலங்களுக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டுமென அவ்வாணைக்குழுவின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. 2022 ஓகஸ்டில் மாணவத் தலைவர்கள் மீதும் பயங்கரவாதத் தடைச் சட்டம் பாய்ந்ததனால் அது எமது சமூகங்களுக்கு மாத்திரம் உரிய பயம் அல்லவென்பதைத் தென்னிலங்கையும் கண்டுகொண்டது. வீட்டார் அருகிலுள்ள பொலிஸ் நிலையங்களில் விசாரிப்பதோடு, ஆணைக்குழுவின் 1996 என்ற அவசர இலக்கத்திற்கும் உடனடியாக அறிவிக்க வேண்டும்.

தமிழ் பேசும் மக்கள் விசேடமாக மனதிற்கொள்ள வேண்டிய விடயம் ஒன்றுண்டு. அது வாக்குமூலத்தின் மொழி. புரியாத மொழியில் எழுதப்பட்ட கடதாசியில் ஒப்பமிட்டுவிட்டு, பின்னர் நீதிமன்றத்தில் அது தனது கூற்றல்லவென நிரூபிக்க வருடக்கணக்கில் அலைந்தவர்களின் கதைகள் எமது ஊர்கள் எங்கும் உள்ளன. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாகும்; 1987இன் 13ஆவது திருத்தம் அதனை எழுத்திலேயே நிலைநாட்டியுள்ளது. எனவே, தமிழில் வாக்குமூலம் பதியுமாறு பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். அது இயலாதெனின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வாசித்து விளங்காத எதிலும் ஒப்பமிடாதீர்கள். இதனைப் பிள்ளைகளுக்கு ஒருமுறைக்குப் பலமுறை சொல்லி வைப்பது ஒவ்வொரு பெற்றோரினதும் கடமையாகும்.

காயமடைந்தவரை அகற்ற 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை உண்டு. பயத்தினால் வைத்தியசாலைக்குச் செல்லாமல் வீட்டிலேயே படுத்திருப்பது இருமடங்கு தீங்கானது. உள்காயம் உயிரைப் பறிக்கலாம், சான்றும் அழிந்துவிடும். காயம் எவ்வாறு ஏற்பட்டது என்பதை வைத்தியரிடம் உள்ளபடி கூறி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கோர வேண்டும். சிகிச்சைச் சீட்டுகளையும் காயத்தின் புகைப்படங்களையும் பத்திரப்படுத்த வேண்டும். அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்தினுள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டுமென 126ஆவது உறுப்புரை கூறுகின்றது. அந்த ஒரு மாதத்தினுள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் அக்கணக்கில் சேர்க்கப்படாது. உரிமையை இழந்தோருட் பலர் நியாயமில்லாததனாலல்ல, நாட்கணக்குத் தவறியதனாலேயே இழந்தனர்.

ஏற்பாட்டாளர்களின் பொறுப்பு இவை எல்லாவற்றிலும் மேலானது. 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கி 7ஆம் திகதி பொலிகண்டியில் நிறைவுற்ற பேரணி, நீதிமன்றத் தடையுத்தரவுகளுக்கும் இடையூறுகளுக்கும் மத்தியில் ஐந்து நாட்கள் நடந்தது. ஜனாஸாக்கள் எரிக்கப்படுவதற்கெதிரான முஸ்லிம்களின் குரலும், காணாமலாக்கப்பட்டோருக்கும் காணிகளுக்குமான தமிழர்களின் குரலும் ஒரே வீதியில் ஒலித்தன. அம்மாத இறுதியில் அடக்கம் செய்வதற்கு அனுமதியளிக்கும் வர்த்தமானி வெளியாயிற்று. அதற்கு அப்பேரணி மட்டுமே காரணமென்று நாம் கூறவில்லை. ஆனால் ஒழுங்கோடு நடந்த ஒரு கூட்டத்தின் குரலை எவராலும் வன்முறையென்று ஒதுக்கிவிட முடியவில்லை. அடையாளம் காணக்கூடிய தொண்டர்கள், அம்புலன்ஸ் செல்ல ஒதுக்கிய வழி, முதலுதவி இடம், முடிவடையும் நேரம், கல்லெறிய வரும் அந்நியனை உடனே தனிமைப்படுத்தும் கட்டுப்பாடு ஆகியவை இல்லாத இடத்தில் மக்களை அழைப்பதற்கு எத்தலைவருக்கும் உரிமையில்லை.

போராட்டத்தில் கலந்துகொள்ளாதவர்களும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். 2014 ஜூன் 15ஆம் திகதி அளுத்கமையில் நடந்த பொதுக்கூட்டமொன்றை அடுத்து முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தீக்கிரையானதை நாம் மறக்கலாகாது. ஊர்வலம் செல்லும் பாதையில் கடை வைத்திருப்போர் அதை நேரகாலத்துடன் மூடுவதும், 119இற்கும் அயலிலுள்ள மத, சமூகப் பெரியார்களுக்கும் முன்கூட்டியே தகவல் தருவதும், உறுதிப்படுத்தப்படாத செய்திகளைப் பரப்பாதிருப்பதும் அவசியம்.

பாதுகாப்பளிக்கும் முதற்பொறுப்பு அரசையே சாரும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் அப்பொறுப்பு நிறைவேற்றப்படாத நாட்களையே நாம் அதிகமாகக் கண்டிருக்கிறோம். எமது இரு சமூகங்களும் இழந்த பிள்ளைகளின் கணக்கு ஏற்கனவே மிக நீண்டது. நியாயம் கேட்கச் செல்லும் பிள்ளை அந்த நியாயத்தை அனுபவிப்பதற்கும் உயிரோடிருக்க வேண்டும். அதற்கான ஆயத்தத்தைக் கோழைத்தனமென்று எவரும் எண்ணலாகாது. இப்பத்தியைக் கத்தரித்து வைத்து, புறப்படும் பிள்ளையின் கையில் கொடுங்கள் என்பதே வாசகர்களிடம் நாம் விடுக்கும் வேண்டுகோளாகும்.